ஐ.சி.யூ.வில் கிரியாட்டினின் சொல்லாதவை

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தாருக்கு இரண்டாம் நாளே ஒரு சொல் மனப்பாடமாகிவிடும்: கிரியாட்டினின். காலை ரவுண்ட்ஸ் முடித்து வெளியே வரும் டாக்டரிடம் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ‘நேத்து 1.4 இருந்துச்சு, இன்னைக்கு 1.1. கிட்னி பரவாயில்லம்மா’ என்று பதில் வந்தால் அன்று ஒரு வேளைச் சாப்பாடாவது தொண்டையில் இறங்கும். அந்த நிம்மதியைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது நோயாளியின் உயிரோடு தொடர்புடையது. நடந்துவந்து ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்குக் கிரியாட்டினின் ஓரளவு நம்பகமான எண். கடுமையாக நோயுற்றுப் படுத்திருப்பவருக்கு அதே எண் ஒன்றல்ல, மூன்று நான்கு வழிகளில் தடம் மாறுகிறது. அதைவிட நேரடியான அளவீடு ஒன்று, அதே கட்டிலின் ஓரத்தில் தொங்கும் சிறுநீர்ப் பையிலிருந்து, அநேகமாகக் கூடுதல் செலவே இல்லாமல் கிடைக்கிறது. அதைப் பெரும்பாலும் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறோம்.

சிறுநீரகத்தின் வேலை எவ்வளவு பெரியது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் எடை. ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்த இரண்டு உறுப்புகளுக்குள் போகிறது. ஒவ்வொன்றிலும் உள்ள ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் சேர்ந்து நிமிடத்துக்கு 120 மி.லி. அளவு நீரை ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 170, 180 லிட்டர். அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேறுகிறது. மிச்சமெல்லாம் திரும்ப உடலுக்குள் உறிஞ்சப்படுகிறது. நிமிடத்துக்கு இத்தனை மி.லி. என்ற அந்த வடிகட்டும் வேகத்தைத்தான் மருத்துவர்கள் ஜி.எஃப்.ஆர். என்கிறார்கள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்ற கேள்விக்கு இதுதான் மையமான பதில். சிக்கல் என்னவென்றால், இதை யாரும் நேராகப் பார்க்க முடியாது. வடிகட்டப்படும் ஏதாவது ஒரு பொருளைப் பின்தொடர்ந்து, அதன் போக்கிலிருந்து ஊகிக்க வேண்டும்.

எந்தப் பொருளைப் பின்தொடர்வது? 1926இல் டென்மார்க்கில் போல் பிராண்ட் ரேபெர்க் கிரியாட்டினினைக் கொண்டு வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டார். 1930களில் அமெரிக்காவில் ஹோமர் ஸ்மித்தும் அவரைச் சேர்ந்தவர்களும் இன்யூலின் என்ற பொருளுக்குப் போனார்கள். டாலியாச் செடியின் கிழங்கிலும் சிக்கரி வேரிலும் இருக்கும் ஒரு சர்க்கரைத் தொடர் அது. ரத்தத்தில் ஏற்றினால் சிறுநீரகத்தில் தடையில்லாமல் வடியும். வடிந்த பிறகு நெஃப்ரானின் நுண்குழாய்கள் அதைத் திரும்ப உறிஞ்சுவதும் இல்லை, தம் பங்குக்குக் கூடுதலாகச் சேர்ப்பதும் இல்லை. ஆகவே சிறுநீரில் நிமிடத்துக்கு எவ்வளவு இன்யூலின் வருகிறது என்று அளந்து, ரத்தத்தில் அதன் அடர்த்தியால் வகுத்தால் கிடைப்பது அப்பழுக்கில்லாத வடிகட்டும் வேகம். இன்றுவரை மற்ற முறைகளைச் சோதிக்கும் உரைகல் அதுதான். ஆனால் மணிக்கணக்கில் தொடர்ந்து நரம்பில் ஏற்ற வேண்டும். திரும்பத் திரும்ப ரத்தமும் சிறுநீரும் எடுக்க வேண்டும். தினசரி வைத்தியத்துக்கு அது ஒத்துவராது. அதனால்தான் உலகம் மறுபடி கிரியாட்டினினிடமே வந்து நின்றது. அதை யாரும் ஏற்ற வேண்டியதில்லை, உடலே தயாரிக்கிறது.

தசையில் ஆற்றலைச் சேமித்துவைக்கும் கிரியாட்டின், ஒரு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை தானாகவே கிரியாட்டினினாக மாறிக்கொண்டிருக்கும். ஆக, கிரியாட்டினின் பிறப்பிடம் தசை. அது உடலிலிருந்து போகும் வழி சிறுநீரகம். இதை மறந்தால் மீதி எல்லாமே குழம்பிவிடும்.

ஆய்வகத்தில் அதை அளக்கும் விதத்தையும் ஒருமுறை கிட்டப்போய்ப் பார்ப்போம். 1886இல் கோனிக்ஸ்பெர்க்கில் மாக்ஸ் யாஃபே, காரம் சேர்த்த பிக்ரிக் அமிலத்தோடு கிரியாட்டினின் சேர்ந்தால் மஞ்சள் நிறம் ஆரஞ்சாக மாறுவதைக் கண்டார். 1904இல் ஓட்டோ ஃபோலின் அந்த நிறமாற்றத்தை எண்ணாக மாற்றும் முறையை உருவாக்கினார். இன்றைக்கும் ஏராளமான ஆய்வகங்களில் இயந்திரத்துக்குள் நடப்பது அதே நிறமாற்றம்தான். சீரம் விழுகிறது, மஞ்சள் கருக்கிறது, எவ்வளவு வேகமாகக் கருக்கிறது என்பதை ஒளிக்கற்றை படித்து எண்ணாகத் தருகிறது. ஆனால் அந்த ஆரஞ்சு நிறத்தைக் கிரியாட்டினின் மட்டும் உண்டாக்குவதில்லை. சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் கூடும் கீட்டோன்களும், செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக்குகளில் சிலவும் அதே நிறத்தைத் தந்து எண்ணைப் பொய்யாக ஏற்றும். மஞ்சள் காமாலையில் கூடும் பிலிரூபின் அதற்கு நேர்மாறாக எண்ணை இறக்கிக் காட்டும். கல்லீரல் கெட்டவருக்குத் தசையும் வற்றியிருக்கும், பிலிரூபினும் ஏறியிருக்கும். இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதால் கிரியாட்டினின் 0.8 என்று அழகாக வரும், சிறுநீரகம் பாதிகூட வேலை செய்யாமல் இருக்கும். என்சைம் முறையில் அளந்தால் இந்தக் கோளாறுகளில் பெரும்பகுதி போய்விடும். அதற்குச் செலவு கொஞ்சம் கூடுதல்தான். இருந்தாலும் ஐ.சி.யூ. வைத்து நடத்தும் மருத்துவமனை ஒன்று யாஃபே முறையையே நம்பிக்கொண்டிருப்பதை நியாயப்படுத்துவது கடினம்.

ரத்தத்தில் உள்ள கிரியாட்டினினை வைத்து வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் சூத்திரங்களுக்கு வருவோம். 1976இல் காக்ராஃப்ட், கால்ட் இருவரும் கனடாவில் 249 நோயாளிகளின் அளவீடுகளிலிருந்து ஒன்றை உருவாக்கினார்கள். அவர்களில் அநேகமாக எல்லோரும் ஆண்கள். வயதை 140இலிருந்து கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியாட்டினினால் வகுத்துவிட்டால் விடை வந்துவிடும். பிறகு 1999இல் எம்.டி.ஆர்.டி., 2009இல் சி.கே.டி. எபி என்று மேம்பட்ட சூத்திரங்கள் வந்தன. கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு பெருக்கல் எண் வைத்திருந்த வழக்கத்தை 2021இல் வந்த சூத்திரம் நீக்கியது. இன்று ரிப்போர்ட்டில் கிரியாட்டினினுக்குக் கீழே இ.ஜி.எஃப்.ஆர். என்று அச்சாகி வருவது இந்தக் குடும்பத்து எண்தான். இவையெல்லாம் நாள்பட்ட நோயாளிகளிடமிருந்தும் ஆரோக்கியமானவர்களிடமிருந்தும் பிறந்தவை. உடலில் ஒரு நாளைக்கு உண்டாகும் கிரியாட்டினினும் வெளியேறும் கிரியாட்டினினும் சமமாக இருக்கின்றன, தசையின் அளவு வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்றபடி இருக்கிறது என்ற இரண்டு நிபந்தனைகளின்மேல்தான் அவை நிற்கின்றன.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒரே சீராக நீர் ஏற்றுகிறது. கீழே ஒரு குழாய் திறந்திருக்கிறது. ஏறுவதும் இறங்குவதும் சமமாகி நீர்மட்டம் ஓரிடத்தில் நிற்கிறது. அந்த மட்டத்தை மட்டும் பார்த்து, கீழ்க்குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இப்போது யாரோ கீழ்க்குழாயைச் சட்டென்று மூடிவிடுகிறார்கள். அந்த நொடியில் மட்டம் மாறுமா? மாறாது. மெல்ல மெல்லத்தான் ஏறும். தொட்டிக்குள் மேலும் பத்துக் குடம் கொட்டினாலோ, மோட்டாரே வலுவிழந்து நீர் ஏற்றுவது குறைந்தாலோ, மட்டத்தைப் பார்த்துக் குழாயைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்காது. ஐ.சி.யூ. நோயாளியின் உடலில் இவை எல்லாமே ஒரே நேரத்தில் நடக்கின்றன.

முதலாவது, நேரம். 50 வயது, 72 கிலோ எடை, கிரியாட்டினின் 1.0 இருந்த ஒருவருக்குக் கிருமித்தொற்றில் ரத்த அழுத்தம் விழுந்து, நள்ளிரவில் சிறுநீரகம் முழுவதுமாக நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படி நின்றுவிட்டவருக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு டெசிலிட்டருக்கு 1 முதல் 1.5 மி.கி. வரைதான் கிரியாட்டினின் ஏறும். காலை ஆறு மணிக்கு எடுத்த ரத்தத்தில் 1.3 இருக்கும். காக்ராஃப்ட் கால்ட் சூத்திரத்தில் போட்டால் நிமிடத்துக்கு 69 மி.லி. என்று வரும். உண்மை விடை பூஜ்யம். சிறுநீரகம் நல்ல நிலையில் இருக்கும்போது உடலிலுள்ள கிரியாட்டினின் பாதியாகக் குறைய சுமார் நாலு மணி நேரம் ஆகும். வடிகட்டும் வேகம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் அதே வேலைக்கு 40 மணி நேரம். அப்படியென்றால் எண் தன் புது உயரத்தைத் தொட்டு நிற்க ஒரு வாரம்கூட ஆகலாம். கண்ணாடி விரியன் கடித்துச் சில மணி நேரத்துக்குள் கொண்டுவரப்படுகிறவரின் முதல் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் இயல்பாக இருப்பது எதற்கும் உத்தரவாதம் ஆகாது என்று நம் ஊர் மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். திரும்பி வரும் வழியிலும் இதே தாமதம் உண்டு. சிறுநீரகம் தேறத் தொடங்கிய பிறகும் எண் ஓரிரு நாள் உயரத்திலேயே நிற்கும்.

இரண்டாவது, நீர். அதிர்ச்சி நிலையில் வருபவருக்கு முதல் ஓரிரு நாளில் லிட்டர் லிட்டராகச் சலைன் ஏற்ற வேண்டியிருக்கும். 60 கிலோ எடையுள்ளவரின் உடலில் சுமார் 36 லிட்டர் நீர் இருக்கிறது. மேலும் 6 லிட்டர் ஏறி உடலிலேயே தங்கிவிட்டால், 1.5 ஆக இருக்க வேண்டிய கிரியாட்டினின் 1.29 ஆக நீர்த்துத் தெரியும். சிறிய வித்தியாசம்தானே என்று தோன்றலாம். சர்வதேச சிறுநீரக வழிகாட்டு அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ. 2012இல் தந்த வரையறைப்படி 48 மணி நேரத்தில் 0.3 ஏறினாலோ, ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கானாலோ திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்று கணக்கு. முன்பு 1.0 இருந்த இவர், நீர்த்துப்போன எண்ணால் இரண்டு கோடுகளையும் தொடாமல் தப்பிவிடுகிறார். முகம் வீங்கி, கை கால் வீங்கிப் படுத்திருப்பவரின் ‘நார்மல்’ கிரியாட்டினினை, உள்ளே ஏறிய திரவத்தின் கணக்கோடு சேர்த்துப் படிக்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, தசை. மூன்றிலும் அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது இதுதான் என்பது என் எண்ணம். லண்டனில் 63 தீவிர சிகிச்சை நோயாளிகளின் தொடையின் முன்பக்கத் தசையை அல்ட்ராசவுண்டில் தொடர்ந்து அளந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பத்தே நாளில் அந்தத் தசையின் குறுக்களவு சராசரியாக 17.7 சதவீதம் குறைந்துவிட்டது. பல உறுப்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். இது போதாதென்று, கடுமையான கிருமித்தொற்றான செப்சிஸ் வந்த சுண்டெலிகளில் தசை இருக்கும்போதே கிரியாட்டினின் உற்பத்தி குறைகிறது என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் பார்க்கலாம். 60 வயதுப் பெரியவர், 60 கிலோ. சேர்ந்த அன்று கிரியாட்டினின் 1.0, அதே காக்ராஃப்ட் கால்ட் கணக்கில் ஆண்களுக்கான விடை 67 மி.லி. மூன்று வாரம் வென்டிலேட்டரில் கிடந்து, தொற்றிலிருந்து மீண்டு, 52 கிலோவுக்கு இளைத்திருக்கிறார். கிரியாட்டினின் 0.5. சூத்திரம் 116 என்கிறது! வந்தபோது இருந்ததைவிடச் சிறுநீரகம் தேறிவிட்டதா? அவருடைய 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளந்தால், அதில் இருக்கும் கிரியாட்டினின் வெறும் 400 மி.கி. அதை வைத்துக் கணக்கிட்டால் உண்மையான வேகம் 56 மி.லி. சிறுநீரகம் வழியே போகும் ஒவ்வொரு மருந்தும், உண்மையில் வெளியேறுவதைவிட இரு மடங்கு வேகமாக வெளியேறும் என்ற நினைப்பில் அவருக்கு எழுதப்பட்டிருக்கும். நம் மக்களுக்கு இயல்பிலேயே தசை சற்றுக் குறைவு. பலர் இறைச்சியும் அதிகம் சாப்பிடுவதில்லை. மேலைநாட்டுச் சூத்திரங்கள் இந்தியரின் சிறுநீரகத் திறனைக் கூட்டிக் காட்டுகின்றன என்று இங்கே நடந்த ஆய்வுகள் ஏற்கெனவே சொல்லியிருக்கின்றன. நோய் அதன்மேல் இன்னும் ஏற்றிவைக்கிறது.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. இலங்கையில் பாராகுவாட் களைக்கொல்லி குடித்து வந்தவர்களிடம் நடந்த ஆய்வுகளில், கிரியாட்டினின் சிறுநீரகப் பாதிப்பை மிஞ்சிய வேகத்தில் ஏறுவது தெரியவந்தது. உடலில் அதன் உற்பத்தியே கூடிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கில் உள்ள டிரைமெத்தோபிரிம், நுண்குழாய் வழியே கிரியாட்டினின் வெளியேறுவதைத் தடுத்து, வடிகட்டுதல் ஒரு சொட்டும் குறையாமலே எண்ணை உயர்த்தும்.

இன்னொரு கூட்டம் பற்றி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. பைக் விபத்தில் தலையில் அடிபட்டு வரும் இளைஞன், தீக்காயத்தோடு வரும் இளம்பெண், தொற்றோடு வரும் திடகாத்திரமான ஆள். இவர்களின் இதயம் வேகமாக அடிக்கிறது. ஏற்றிய திரவமும் ரத்த அழுத்த மருந்துகளும் சேர்ந்து சிறுநீரகத்துக்கு ரத்தத்தை வெள்ளமாக அனுப்புகின்றன. சிறுநீரகம் இயல்பை மீறி வடிகட்டத் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஆண்ட்ரூ உடி, ஜேசன் ராபர்ட்ஸ், ஜெஃப்ரி லிப்மன் ஆகியோர் இந்த நிலையை விரிவாக ஆராய்ந்தார்கள். நிமிடத்துக்கு 130 மி.லி.க்கு மேல் போனால் இந்த வகை என்று கொள்வது வழக்கம். இவர்களின் கிரியாட்டினின் ரிப்போர்ட் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். பல ஆய்வகங்கள் ‘90க்கு மேல்’ என்று அச்சிட்டு அத்தோடு நிறுத்திவிடும். 95ஆ 195ஆ என்று தெரியாது. ஆனால் காலையில் போட்ட மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் அடுத்த டோஸுக்கு வெகு முன்பே ரத்தத்திலிருந்து வடிந்துபோயிருக்கும். மருந்து எழுதியிருக்கிறது, சிஸ்டர் நேரம் தவறாமல் போடுகிறார், காய்ச்சல் மட்டும் இறங்குவதில்லை. கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்று சொல்லி அடுத்த ஆன்டிபயாட்டிக்குக்குத் தாவுவதற்கு முன், வடிகட்டும் வேகத்தை ஒருமுறை அளந்து பார்த்திருக்கலாம்.

அளப்பது எப்படி? ஐ.சி.யூ.வில் படுத்திருப்பவருக்குப் பெரும்பாலும் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கும். அதன் முனையில் சாதாரணப் பைக்கு முன்னால் கோடுகள் போட்ட கெட்டியான பிளாஸ்டிக் அறை ஒன்று இருக்கும், யூரோமீட்டர் என்பார்கள். மணிக்கு ஒருமுறை சிஸ்டர் குனிந்து, கண் மட்டத்துக்கு அதைக் கொண்டுவந்து படித்து, சார்ட்டில் 40, 55, 30 என்று எழுதிவிட்டு, அறையைச் சாய்த்துப் பைக்குள் கொட்டுவார். வெளியே 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துவரச் சொன்னால் நோயாளி பாதியை விட்டுவிடுவார் என்பதால் அந்தப் பரிசோதனைக்குக் கெட்ட பெயர். இங்கே அந்தப் பிரச்சினையே கிடையாது. ஒரு சொட்டும் வெளியே போவதில்லை. குழாயில் தேங்கியதை வடியவிட்டு, நேரம் குறித்து, நாலு மணி நேரமோ எட்டு மணி நேரமோ வரும் சிறுநீரைச் சேர்க்க வேண்டும். நடுவில் ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும். இரண்டிலும் கிரியாட்டினின் பார்த்தால் போதும்.

எட்டு மணி நேரத்தில் 1,440 மி.லி. வந்தால் நிமிடத்துக்கு 3 மி.லி. சிறுநீரில் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 35 மி.கி., ரத்தத்தில் 0.6 என்றால், 35ஐ 3ஆல் பெருக்கி 0.6ஆல் வகுக்க வேண்டும். 175. இவை பைக் விபத்தில் வந்த 25 வயது இளைஞன் ஒருவனின் எண்கள் என்றால், 2021 சூத்திரம் அவனுக்குத் தருவது ஏறத்தாழ 137. சிறுநீரை வைத்துப் போட்ட கணக்கில் வயது இல்லை, எடை இல்லை, இனம் இல்லை. தசை எவ்வளவு கிரியாட்டினினை உண்டாக்குகிறது என்று ஊகிக்க வேண்டியதும் இல்லை. எவ்வளவு வெளியேறியது என்பது பையிலேயே இருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. நுண்குழாய்கள் தம் பங்குக்குக் கொஞ்சம் கிரியாட்டினினைச் சிறுநீரில் சேர்ப்பதால் விடை உண்மையைவிடப் பத்து, இருபது சதவீதம் கூடுதலாக வரும். சிறுநீரகம் நலிய நலிய இந்த மிகை பெருகும். குழாயில் அடைப்பு இருந்தாலோ, நேரக் குறிப்பில் பதினைந்து நிமிடம் தவறினாலோ, குறுகிய சேகரிப்பில் பிழை பெரிதாகும். கிரியாட்டினின் வேகமாக ஏறும்போது தொடக்கத்திலும் முடிவிலும் ரத்தம் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், வெளிநோயாளிக்கென எழுதிய சூத்திரத்தைவிட இது எத்தனையோ மேல். நடைமுறைக்கு ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. டயாலிசிஸ் எவ்வளவு தீவிரமாகச் செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வில், டயாலிசிஸை எப்போது நிறுத்துவது என்பதையே ஆறு மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்பை வைத்துத்தான் முடிவு செய்தார்கள்: 20 மி.லி.க்கு மேல் என்றால் நிறுத்தலாம், 12க்குக் கீழ் என்றால் தொடர வேண்டும். டயாலிசிஸ் இயந்திரமே கிரியாட்டினினைக் கழுவி எடுத்துக்கொண்டிருக்கும்போது ரத்த எண்ணை மட்டும் பார்த்து இந்த முடிவை எப்படி எடுப்பது?

சிறுநீரின் அளவே ஒரு சேதி என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மி.லி.க்குக் குறைவாக ஆறு மணி நேரம் போனால், கிரியாட்டினின் என்ன சொன்னாலும் அது பாதிப்புத்தான். உடலில் நீர் போதிய அளவு இருப்பதை உறுதிசெய்துகொண்டு, சிறுநீரைப் பெருக்கும் மருந்தான ஃபுரோசமைடை அளவாகப் போட்டு, இரண்டு மணி நேரத்தில் 200 மி.லி. வருகிறதா என்று பார்க்கும் சோதனையை லக்மீர் சாவ்லாவும் சகாக்களும் 2013இல் வெளியிட்டார்கள். வராவிட்டால் பாதிப்பு முற்றும் வாய்ப்பு அதிகம். கைவசம் இருக்கும் மருந்தும் யூரோமீட்டரும் போதும். வேறு கருவி தேவையில்லை.

ரத்தத்தில் பார்க்கக்கூடிய இன்னொரு பொருள் சிஸ்டாட்டின் சி. உட்கரு உள்ள எல்லாச் செல்களும் உண்டாக்கும் சிறிய புரதம் அது. தசையை நம்பி இருப்பதில்லை. இளைத்துப்போனவருக்கும், கால் அகற்றப்பட்டவருக்கும், கல்லீரல் கெட்டவருக்கும் கிரியாட்டினினைவிட நம்பகமானது. ஆனால் ஸ்டீராய்டு போட்டால் அது ஏறும். தைராய்டு, உடல் பருமன், அழற்சி எல்லாம் அதை அசைக்கும். ஐ.சி.யூ.வில் ஸ்டீராய்டும் அழற்சியும் இல்லாத கட்டில் எத்தனை இருக்கும்? ஆகவே இரண்டையும் சேர்த்த சூத்திரமே தனித்தனியைவிட மேல். இரண்டு எண்களும் வெகு தூரம் விலகி நின்றால், அந்த விலகலே சிறுநீர்ச் சேகரிப்புக்குப் போகச் சொல்லும் அறிகுறி. ஷெல்டன் சென் 2013இல் முன்வைத்த கைனெடிக் கணக்கு, எண் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்வதால், நேரத் தாமதத்துக்கு ஓரளவு மருந்து. சி.டி. ஸ்கேனுக்குப் பயன்படும் அயோஹெக்சாலைச் சிறிதளவு ஏற்றி, பிறகு அது ரத்தத்தில் குறைவதை அளக்கும் முறை மிகத் துல்லியமானது. வயிற்றில் நீர் கோத்தவருக்கும் உடல் வீங்கியவருக்கும் அது உடலெங்கும் பரவி முடியவே நேரம் பிடிப்பதால் 24 மணி நேரம் வரை ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். என்.ஜி.ஏ.எல். போன்ற புதிய பரிசோதனைகள் செல்கள் காயப்பட்டதைச் சொல்பவை. எவ்வளவு வடிகிறது என்ற கேள்விக்கு அவற்றிடம் பதில் இல்லை.

இத்தனை துல்லியம் எதற்கு? மருந்துக்காகத்தான். வான்கோமைசின், அமிக்கசின், கொலிஸ்டின், எனாக்சபாரின் எல்லாம் சிறுநீரகம் வழியே போகிறவை. கூடினால் காதையோ சிறுநீரகத்தையோ கெடுக்கும், அல்லது ரத்தம் கசியும். குறைந்தால் கிருமி வெல்லும். புற்றுநோய்க்கான கார்போபிளாட்டினின் அளவை, 1989இல் வந்த கால்வர்ட் சூத்திரப்படி நேரடியாக வடிகட்டும் வேகத்திலிருந்தே கணக்கிடுகிறார்கள். அங்கே 56க்குப் பதில் 116 என்று போட்டால் எலும்பு மஜ்ஜை அதன் விலையைக் கொடுக்கும். எதிர்ப்பக்க எச்சரிக்கை ஒன்றும் அவசியம். சேர்ந்த முதல் நாளில் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது என்று ஆன்டிபயாட்டிக்கைப் பாதியாக்கிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தொற்றோடு வருபவர்களில் பலருக்குத் திரவம் ஏறியதும் ஓரிரு நாளில் சிறுநீரகம் தேறிவிடுகிறது. மருந்து முழு வீச்சில் வேலை செய்ய வேண்டிய அந்த 48 மணி நேரத்தில் அதைக் குறைப்பது பெரும் இழப்பு. ரத்தத்தில் மருந்தின் அளவையே அளக்கும் வசதி இருக்கும் இடங்களில் அதைச் செய்வதே உத்தமம்.

புதிய கருவிகள் வருகின்றன. ரெல்மபிரசின் என்ற ஒளிரும் பொருளை நரம்பில் செலுத்தி, தோல்மேல் ஒட்டிய உணரி மூலம் அது மங்குவதைப் படித்து, ரத்தமோ சிறுநீரோ எடுக்காமலே வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் கருவிக்கு 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. அது சிறுநீரகச் செயல்பாடு நிலையாக இருப்பவர்களிடம் சோதிக்கப்பட்டது. மணிக்கு மணி மாறிக்கொண்டிருக்கும் ஐ.சி.யூ. சிறுநீரகத்துக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பது இனிமேல் நிரூபிக்கப்பட வேண்டியது.

உயிர் பிழைத்து வீட்டுக்குப் போகும் நாளில்தான் இந்த எண்ணின் கடைசிக் குழப்பம் நிகழ்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் கிரியாட்டினின் 0.6 என்று இருக்கும், ‘சிறுநீரகம் இயல்பு நிலைக்குத் திரும்பியது’ என்று எழுதியிருப்பார்கள். பாதி தசையை ஐ.சி.யூ.வில் விட்டுவந்தவருக்கு 0.6 என்பது இயல்பு அல்ல. அடுத்த மாதங்களில் அவர் சாப்பிட்டு, நடந்து, உடம்பு தேறத் தேற 0.8, 1.0 என்று எண் ஏறும். சிறுநீரகம் கெடுகிறதோ என்று வீட்டில் கலங்குவார்கள். தசை திரும்பி வருவதாலும் ஏறலாம், உண்மையிலேயே சிறுநீரகம் முழுதாகத் தேறாததாலும் ஏறலாம். கிரியாட்டினினை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு வந்து மீண்டவரை மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்கிறது கே.டி.ஐ.ஜி.ஓ. அந்தச் சந்திப்பில் கிரியாட்டினினோடு சிஸ்டாட்டின் சியையும், சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள். அந்த நேரத்துக்குள் ஸ்டீராய்டு நின்றிருக்கும், அழற்சி அடங்கியிருக்கும், ஐ.சி.யூ.வில் தள்ளாடிய சிஸ்டாட்டின் சி அப்போது நம்பி எடுத்துக்கொள்ளக்கூடிய எண்ணாகியிருக்கும்.